போனக்காடு: ரேஞ்ச் இல்லாத ஐந்தரை மணி நேரம்

திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பக்கத்து மலை எப்போதும் அடுத்த மாதம் போகப்போகிற மலைதான். இந்த வலைப்பூவில் கொல்லிமலை வரை எழுதியாயிற்று. அறுபது கிலோமீட்டரில் இருக்கும் போனக்காட்டை மட்டும் எழுதவில்லை. கடைசியில் என்னை அங்கே போக வைத்தது தமார்.

தமார் எங்கள் கம்பெனியின் ஹைஃபா அலுவலகத்திலிருந்து ஆறு வார வேலைக்காக எங்கள் ஊர்க் கழக்கூட்டம் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். இஸ்ரேல்காரி, வயது முப்பத்தொன்று. அவள் எழுதும் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அப்படியிருந்தும் எங்களுக்குள் நட்பு வந்துவிட்டது. தமார் என்றால் பேரீச்சை என்று பொருளாம். ‘தமர்’ என்றால் பழந்தமிழில் சுற்றத்தார், நம்மவர் என்று நான் சொன்னதும் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். (நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.)

அக்டோபர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை விடுமுறைக்கு எங்கே கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். பத்மநாபசுவாமி கோவில் தெரு, பீமாப்பள்ளி, வெட்டுகாடு தேவாலயம் என்று ஊரின் பெருமைகளை அடுக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்தக் கடவுளும் சொந்தம் கொண்டாடாத மலை ஏதாவது இருக்கிறதா?” என்றாள். சிரிப்பாகத்தான் கேட்டாள், ஆனால் பதிலுக்குக் காத்திருந்த விதம் சிரிப்பாக இல்லை. போனக்காடு என்றேன். அதற்கு மேலே உள்ள சிகரத்தில் அகத்தியர் இருக்கிறார் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

வண்டி ஏற்பாடு செய்தோம். நாள் முழுவதற்கும் 3,800 ரூபாய், பெட்ரோல் உட்பட. ஓட்டுநர் ஸ்டீபன் அண்ணன் பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. காலை 5:45-க்குக் கழக்கூட்டத்திலிருந்து கிளம்பினோம். போத்தன்கோடு, வெம்பாயம், நெடுமங்காடு, பிறகு வித்துரா. மொத்தம் 43 கிலோமீட்டர். அந்த நேரத்தில் நெடுஞ்சாலை நெரிசல் கிடையாது. ஏழு மணிக்குப் பிறகு கிளம்பினால் கழக்கூட்டத்தைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகும்.

வெம்பாயம் தாண்டியதும் ஸ்டீபன் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார். “மக்களே, இவிய எந்த ஊராக்கும்?”

“இஸ்ரேல், அண்ணே.”

“ஐயோ, ஏசு பெறந்த நாடல்லியா! எங்க பாஸ்டர் ரெண்டு தடவ போயிட்டு வந்தாரு. புண்ணிய பூமின்னு சொல்லும்.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். தமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார்கள்” என்றாள். “புண்ணியம் கொஞ்சம் குறைந்தால் அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று அவரிடம் சொல்.” நான் அவ்வளவையும் சொல்லவில்லை. “ஆமான்னு சொல்றா” என்றேன்.

வித்துரா 7:20. சந்தையை ஒட்டிய சின்ன ஓட்டலில் புட்டு, கடலை, பழம், பால் இல்லாத கட்டன் சாயா. மூன்று பேருக்கும் 270 ரூபாய். மேலே போனால் ஓட்டல் கிடையாது, இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். மதியத்துக்குச் சப்பாத்தி கட்டித் தரச் சொன்னோம்.

8:05-க்குத் தமாரின் போனில் ஒரு படம் வந்தது. அங்கே அதிகாலை 5:35. இருட்டில் ஒரு வேன் பக்கத்தில், வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பா” என்றாள்.

“இவ்வளவு காலையில் எங்கே கிளம்பிவிட்டார்?”

“ஒலிவக்காய் பறிக்க.”

“உங்களுக்குத் தோப்பு இருக்கிறதா?”

“எங்களுக்கு இல்லை. ஹசனுக்கு இருக்கிறது.”

அவள் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வரலாறும் வேதமும் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஹசன் மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீன கிராமத்து விவசாயி. தோப்புக்கு மேலே உள்ள குன்றில் சில ஆண்டுகளாக யூத இளைஞர்கள் சிலர் கண்டெய்னர் வீடுகளைப் போட்டுக் குடியேறியிருக்கிறார்கள். இஸ்ரேலியச் சட்டப்படியே அனுமதி இல்லாத குடியிருப்பு அது. அறுவடைக் காலத்தில் அவர்கள் இறங்கி வந்து மரக்கிளைகளை ஒடிப்பதும், காய் பறிப்பவர்களை விரட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் இஸ்ரேல்காரர்கள் சிலர் நின்றால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பதால், அவள் அப்பா போன்ற ஒரு சிலர் சனிக்கிழமைதோறும் போய்க் கூட நின்று காய் பறிக்கிறார்கள்.

“ஆபத்தில்லையா?” என்றேன்.

“அந்தக் குன்றில்தான் என் தம்பி இருக்கிறான்” என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கிளம்பும்போது ஸ்டீபன் அண்ணன் எச்சரித்தார். “மேல ரேஞ்சு கிட்டாதாக்கும். வீட்டுல கூப்பிடணும்னா இங்கயே கூப்பிட்டுக்கிடுங்க, கேட்டேளா?” நான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். தமார் ஒரு கட்டைவிரல் படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டாள்.

தேவியோடு என்ற ஊர்ச் சந்திப்பில் பொன்முடிச் சாலையை விட்டு வலப்புறம் திரும்ப வேண்டும். 8:40-க்கு வனத்துறைச் சோதனைச் சாவடி. பெயர், வண்டி எண், திரும்பும் நேரம் எழுதிக்கொண்டார்கள். தமாரின் பாஸ்போர்ட்டையும் பார்த்து முடிக்க அரை மணி ஆயிற்று. அன்று கட்டணம் எதுவும் வாங்கவில்லை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விசாரித்துவிட்டுப் போங்கள். சில நாள் யாரையுமே விடுவதில்லை. சாவடியைத் தாண்டி முதல் வளைவில் என் போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. மணியைக் குறித்து வைத்தேன்: 9:10.

அதற்கப்புறம் சாலை என்று சொல்வது மரியாதைக்காக. தார் பேர்ந்து கல் எழும்பிக் கிடக்கிறது. மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் ஓடை. தரை தாழ்ந்த கார் என்றால் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். 9:50-க்குப் போனக்காடு போய்ச் சேர்ந்தோம். வித்துராவிலிருந்து மீட்டரில் 22 கிலோமீட்டர்.

மூடிய தேயிலைத் தொழிற்சாலை, அதன் எதிரே தொழிலாளர் குடியிருப்பு, அப்பால் ஆள்மட்டத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகள். பேய் பங்களா என்று வீடியோக்காரர்கள் பேர்வாங்கிக் கொடுத்த பழைய பங்களா மேலே இருக்கிறது. நடந்து போக நாற்பது நிமிடம். பேயைப் பார்க்கவில்லை. பேய் பார்க்க வந்தவர்கள் சுவரில் எழுதிய பெயர்களைப் பார்த்தோம். ஆனால் பங்களா வாசலிலிருந்து தெரியும் பேப்பாறை அணைத் தண்ணீரும் அதன்மேல் நகரும் மேகமும் வந்த களைப்புக்கு ஈடு.

அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிரித்தபோதுதான் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

அவன் பெயர் நதான். வயது இருபத்துநான்கு. பதினேழு வயதில் அவன் பள்ளித் தோழன் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் பாலஸ்தீனன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டான். அதற்கப்புறம் ஒரு வருடம் நதான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு குரு கிடைத்தார். அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது.

“மதம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே” என்றாள் தமார். “எங்கம்மாவும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். விளக்கேற்றிவிட்டுப் போனும் பார்ப்பாள், அது வேறு. மற்ற நாட்களில் தோப்புக்குப் போகிறவர்களில் ஒரு ரபியும் உண்டு, எங்கள் மதகுரு. பக்தி வேறு. நதானின் குரு சொல்லிக் கொடுத்தது வேறு. சமாதானப் பேச்சு என்றால் நீ கொஞ்சம் விட்டுக் கொடு, நான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறேன் என்பதுதானே? கடவுள் எனக்குத் தந்ததில் ஒரு பிடி மண்ணை விட்டுக் கொடுத்தாலும் பாவம் என்று ஒருவன் நம்பிவிட்டால் அவனோடு என்ன பேரம் பேசுவாய்? நான் கைக்குழந்தையாக இருந்தபோது சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எங்கள் பிரதமரை எங்கள் ஆள் ஒருவனே சுட்டுக் கொன்றான். கடவுள் பேரைச் சொல்லித்தான். அன்றைக்கு அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அதே கூட்டத்தில் நின்றிருந்தார்.”

அவள் அப்பாவும் ஹசனும் பதினோரு வருடமாக மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். சாலையோரப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். தண்ணீர்க் குழாய், வழி, யாருடைய பையன் சிறையில், யாருடைய மகள் கல்யாணம், இப்படி. ஒரு காலத்தில் நாற்பது பேர் வந்தார்களாம். அவள் அப்பாவின் கார்க் கண்ணாடியில் துரோகி என்று எழுதினார்கள். ஹசனுக்கு அவர் ஊரிலேயே சிலர் கைக்கூலி என்று பெயர் வைத்தார்கள். கடைசியாக மூண்ட போருக்குப் பிறகு இரண்டு பக்கமும் துக்கம் மூடிக்கொண்டது. இப்போது ஆறு பேர் வருகிறார்கள்.

“நதான் குன்றுக்குப் போனதும் அப்பா ஒரு கடிதம் எழுதினார். அவன் பதில் போடவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஒருவர் மலைமேல், ஒருவர் மலையடியில். சத்தம் போட்டால் கேட்கும் தூரம்.”

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் அத்தான் தினமும் அனுப்பும் வெறுப்புச் செய்திகளை நான் சத்தமில்லாமல் மியூட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை அவளிடம் சொன்னேன். “மியூட் நல்ல வசதி” என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

12:15-க்குக் கீழே இறங்கினோம். குடியிருப்பில் பாக்கியம் என்ற அக்கா வருகிறவர்களுக்குத் தேநீர் போட்டுத் தருகிறார். ஒரு டம்ளர் 15 ரூபாய். அவர் தாத்தா காலத்தில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த குடும்பம். தமாரைப் பார்த்ததும், “காலப் பாரு மோளே, அட்ட கடிச்சிருக்கு” என்று உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காலுறைக்குள் இரண்டு அட்டைகள் கொழுத்துக் கிடந்தன. தமார் கத்தவில்லை. அவள் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பத்து மணிக்கு, அதாவது நமக்குப் பன்னிரண்டரைக்கு, ஓய்வெடுக்கும்போது வழக்கமாக ஒரு படம் அனுப்புவாராம்.

“இங்கே எங்கேயாவது ரேஞ்ச் கிடைக்குமா அக்கா?” என்று கேட்டேன்.

“அந்தா அந்தப் பாறைக்கு மேல ஏறுனா ஒண்ணு ரெண்டு கட்ட கிட்டும். எங்க பிள்ளைய எல்லாம் அவிடத்தான் போயி நிக்கும். வழுக்கும் கேட்டியா, செருப்பக் கழட்டிட்டு ஏறு.”

பாக்கியம் அக்கா முன்னால் ஏற, பின்னால் நாங்கள். 12:40. தமார் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு வந்தது, போயிற்று, வந்தது. பிறகு இரண்டு செய்திகள் ஒன்றாக விழுந்தன. அம்மாவிடமிருந்து.

‘அப்பாவை அடித்துவிட்டார்கள். தலையில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.’

‘குன்றிலிருந்து இறங்கி வந்தவர்கள். முகமூடி.’

மூன்றாவதாக ஒரு குரல் செய்தி. பதினான்கு வினாடி. அதன்மேல் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது, இறங்கவில்லை. அவள் கூப்பிட்டாள், போகவில்லை. என் போனில் கூப்பிட்டோம், போகவில்லை. கோடு முழுதாக அவிந்துவிட்டது. பாறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வெறுங்காலோடு நடந்தாள். “பதினான்கு வினாடியில் என்ன சொல்ல முடியும்?” என்று என்னிடம் கேட்டாள். “நல்ல செய்தி என்றால் எழுதியிருக்கலாமே?”

பாக்கியம் அக்காவுக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்தது. “ஆருக்கு, அச்சனுக்கா?” என்றார். ஆமாம், அப்பாவுக்குத்தான் என்றேன். “எறங்கு, எறங்கு. இங்க நின்னா ஆகாது. வித்துரா போனாத்தான் பேச ஒக்கும்.” தமாரின் கையைப் பிடித்து வழுக்கும் இடத்தில் தாங்கி இறக்கினார். தேநீர்க் காசை அவரிடம் கொடுக்கவே மறந்து வந்துவிட்டேன். பிறகு ஸ்டீபன் அண்ணன் வழியாகக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மணிக்கு வண்டி கிளம்பியது. மழையும் பிடித்துக்கொண்டது. ஸ்டீபன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் ரேடியோவை நிறுத்தினார். இருபது நிமிடம் போயிருப்போம், சாலைக்குக் குறுக்கே பெரிய கிளை ஒன்று முறிந்து கிடந்தது.

“பேடிக்காண்டாம்” என்று தைரியம் சொன்னார். டிக்கியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்தார். அவர் வெட்ட, நானும் தமாரும் இழுத்து ஓடைப் பக்கம் தள்ளினோம். அரை மணி நேரம். மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். வேலை இருந்ததும் ஒருவகையில் நல்லதுதான். கை சும்மா இருந்திருந்தால் அந்த அரை மணியை அவள் எப்படிக் கடந்திருப்பாள் என்று தெரியவில்லை.

வண்டி மறுபடி நகர்ந்ததும் நான் முட்டாள்தனமாக ஒன்று கேட்டேன். “ரேஞ்ச் வந்ததும் நதானைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே? அவனுக்குத் தெரிந்திருக்குமே?”

“இன்று சனிக்கிழமை” என்றாள். “எங்கள் ஓய்வுநாள். நேற்று சூரியன் மறைந்ததிலிருந்து இன்று மறையும்வரை அவன் விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொட மாட்டான். வண்டி ஏற மாட்டான். போன் டிராயருக்குள் கிடக்கும்.”

“ஓய்வுநாளில் தடி மட்டும் எடுக்கலாமா?”

“கூடாது. அப்பாவும் இதைத்தான் அவர்களிடம் கேட்டிருப்பார். வாத்தியார் புத்தி.” முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. “கோமதி, எனக்கு இரண்டு பயம். அப்பா உயிரோடு இருக்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்றைச் சொல்லவே வாய் வரவில்லை. முகமூடி போட்டிருந்தார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறாள். அதில் ஒரு முகம்…”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ விவாதங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எழுந்து சாப்பிடப் போயிருக்கிறேன். அந்த நாட்டின் சண்டை ஒரு வீட்டுக்குள் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

2:25-க்குச் சோதனைச் சாவடி. கையெழுத்துப் போட நான் இறங்கி ஓடினேன். மழையில் அங்கேயும் ஒரு கோடுகூட வரவில்லை. 2:40-க்குத் தேவியோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம், எங்கள் இருவர் போனும் ஒரே நேரத்தில் கூவின. ஸ்டீபன் அண்ணன் சொல்லாமலே ஓரங்கட்டி நிறுத்தினார். தமார் குரல் செய்தியைத் தொடுவதற்கு முன்பே அழைப்பு வந்துவிட்டது. பெயர் இல்லாத இஸ்ரேல் எண்.

“ஆஸ்பத்திரி” என்றாள்.

எடுத்தாள். எனக்கு ஹீப்ரு தெரியாது. ஆனால் அவள் முதலில் எதுவும் பேசாமல் கேட்டதும், பிறகு “நதான்?” என்றதும், “நதான்?” என்று மறுபடி கேட்டதும் புரிந்தது. அப்புறம் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷபாத், ஷபாத் என்று. ஓய்வுநாளைத்தான் சொல்கிறாள். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் வேகமாக ஏதோ சொன்னது. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. ஸ்டீபன் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை என்று தலையசைத்தேன்.

இரண்டு நிமிடம் கழித்து நிமிர்ந்தாள். “உயிரோடு இருக்கிறார். தலையில் ஆறு தையல். மணிக்கட்டு முறிந்திருக்கிறது. நர்ஸிடம் சண்டை போடுகிறாராம், காபி நன்றாக இல்லை என்று.”

“அப்பாக்கு ஒண்ணும் இல்லல்ல?” என்றார் ஸ்டீபன் அண்ணன்.

“ஒண்ணும் இல்ல அண்ணே. தையல் மட்டும்தான்.”

“மதி” என்றார், போதும் என்பதற்கு மலையாளத்தில். “அது மதி.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் துடைத்த விதத்தில் அவருக்கும் கண் கலங்கியிருந்தது தெரிந்தது.

நடந்ததைத் தமார் துண்டு துண்டாகச் சொன்னாள். காலையில் குன்றின் பையன்கள் சிலர் தடிகளோடு இறங்கியிருக்கிறார்கள். நதான் மேலே பிரார்த்தனையில் இருந்தான். திரும்பி வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்களாம். ஒரு கிழவன், வாத்தியார் மாதிரி விரலை நீட்டி, ஓய்வுநாளில் தடி தூக்கலாமா என்று வேத வசனம் சொல்லிக் கேட்டான் என்று ஒருவன் நடித்துக் காட்டினானாம். அந்தக் குரலை, அந்த விரலை நதானுக்குத் தெரியாதா? அவர் என்ன ஆனார் என்று கேட்டான். விழுந்தான், எழுந்திருக்கவில்லை என்றார்கள். பிரார்த்தனைத் துண்டைத் தோளில் போட்டபடியே டிராயரைத் திறந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான். சாலைக்கு ஓடி, வந்த காரை மறித்து ஏறியிருக்கிறான்.

“உயிர் போகிற ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம். மீறத்தான் வேண்டும். அது எங்கள் சட்டம்” என்றாள் தமார். “அதனால் அம்மாவைக் கூப்பிட்டதும், கார் ஏறியதும் சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பா பிழைத்துவிட்டார் என்று பார்த்தபிறகு அந்த விலக்கு முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் போனிலிருந்துகூட என்னை அவன் கூப்பிடக் கூடாது. சூரியன் மறையும்வரை காத்திருந்திருக்க வேண்டும்.” ஈரமான போனைத் துடைத்து மடியில் வைத்தாள். “நான் பயந்துகொண்டிருப்பேன் என்று கூப்பிட்டானாம். அவ்வளவுதான் காரணம். வேறு எந்த விலக்கும் கிடையாது.”

அவள் அம்மாவின் பதினான்கு வினாடிக் குரல் செய்தியையும் கேட்டோம். ஹசன் தன் தலைத்துணியால் காயத்தைக் கட்டி, தன் டிராக்டரில் வைத்துப் பெரிய சாலைவரை கொண்டுவந்து சேர்த்தார் என்பதுதான் அது.

வித்துராவில் 3:05-க்கு இறங்கி, ஈர உடையோடு சாயாவும் பரிப்பு வடையும் சாப்பிட்டோம். 96 ரூபாய். மூன்று பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். காலையில் பார்த்துவிட்டு வேண்டாமென்ற வடை, அப்போது இந்த ஜில்லாவிலேயே நல்ல வடையாக இருந்தது. ஐந்தேகாலுக்குக் கழக்கூட்டம். வழியெல்லாம் தமார் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி.

நிம்மதி என்றுதான் அந்த நாளை நினைக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை என்பதையும் எழுத வேண்டும். மறுநாளே இஸ்ரேல் ராணுவம் அந்தத் தோப்பை மூடிவிட்டது. பாதுகாப்புக் காரணமாம். மரத்தில் பாதிக் காய் நின்றது. அடித்தவர்கள் குன்றிலேயே இருந்தார்கள், தோப்புக்காரர் தோப்புக்குள் போக முடியவில்லை. தமாரின் அப்பாவுக்கு ஆறு தையலோடு முடிந்தது, ஹசனுக்கு அந்த வருட எண்ணெய் போயிற்று. ஒரு சமாதான முயற்சியை முறிக்கப் பெரிய படை தேவையில்லை. கடவுள் எங்கள் பக்கம் என்று நம்பும் பத்துப் பேரும், பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரும் போதும். இதை நான் எந்த ஒரு மதத்துக்காகவும் எழுதவில்லை. நம் தெருக்களிலும் ஆள் இருக்கிறார்கள். அந்த வாரம் நான் அத்தானுக்குப் போன் செய்தேன். சண்டைதான் வந்தது. ஆனாலும் மியூட்டை எடுத்துவிட்டேன்.

போனக்காடு போகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குள் கிளம்புங்கள், மதியம் இரண்டுக்குள் சாவடியைத் தாண்டிக் கீழே வந்துவிடுங்கள். மாலை மழையில் அந்தச் சாலை விளையாட்டில்லை. பேருந்தும் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சிலதுதான். வித்துரா டெப்போவில் முந்தின நாளே நேரம் கேட்டு வையுங்கள். அடையாள அட்டை கட்டாயம். வெளிநாட்டு நண்பர் என்றால் பாஸ்போர்ட். அட்டைப் பூச்சிக்கு உப்பும் நீளக் காலுறையும். டிக்கியில் வெட்டுக்கத்தி வைத்திருக்கும் ஓட்டுநர் கிடைத்தால் விடாதீர்கள். சாவடிக்கு மேலே எந்தக் கம்பெனி சிம்முக்கும் ரேஞ்ச் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, யாரையாவது நினைத்து மனம் அடித்துக்கொண்டிருந்தாலோ அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குடியிருப்பு மக்கள் வாழும் இடம், காட்சிப் பொருளல்ல. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தேநீர்க் காசை மறக்காமல் கொடுங்கள்.

தமார் நவம்பரில் ஊர் திரும்பினாள். நதான் குன்றுக்குத் திரும்பவில்லை. ஹைஃபாவில் தன் பழைய அறையில் இருக்கிறான். அடித்தவர்களின் பெயரைப் போலீசில் சொல்லிவிட்டான். அதன்பிறகு பழைய நண்பர்கள் யாரும் கூப்பிடுவதில்லை. தன் நம்பிக்கை எதையும் அவன் கைவிடவில்லை, அப்பாவும்தான். சாப்பாட்டு மேசையில் உப்பு, தண்ணீர் தவிர வேறு பேச்சு இல்லை என்று எழுதியிருந்தாள்.

போன வாரம் அவளிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அப்பாவின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, வண்டி ஓட்ட முடியாது. மாதக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று நதானே சாவியை எடுத்திருக்கிறான். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நிறுத்திவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஹசன் வெளியே வந்து ஒரு நாற்காலியைக் கார் அருகில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. நதான் நாற்காலியில் உட்காரவில்லை. காரிலேயே இருந்தான். ஆனால் என்ஜினை அணைத்துவிட்டு, அறைப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தானாம்.